புதுச் செயின் போட்டபின் பல் தாவினால்

வணக்கம் நண்பரே. சைக்கிளில் புதுச் செயின் மாட்டியும் ஏற்காடு ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லில் நிற்காமல் தாவுகிறது, பின்பக்க டெரெய்லரை (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவியை) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு டெரெய்லர் வாங்காதீர்கள்.

எந்தக் கியரில் தாவுகிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டும் தாவினால், தேய்ந்தது கேசட்தான், அதாவது பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கரத் தொகுப்பு. பழைய செயின் நீளநீள அந்தப் பற்களையும் தன்னோடு தேய்த்துவிடும். புதுச் செயின் அவற்றில் சரியாக உட்காராது, பாரம் ஏறியதும் மேலே ஏறி வழுக்கும். எனக்கும் இதேதான் நடந்தது, கேசட் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய செயின் இருக்கிறதா? கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (pin) நடுவிலிருந்து அடுத்த 24ஆவது பின்னின் நடுவரை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். உங்களுடைய 8 வேக செட்டில் (பின்னால் எட்டுப் பற்சக்கரம் உள்ளது) 307-ஐத் தாண்டியிருந்தால் கேசட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாக் கியரிலும் ஒரே சீரான இடைவெளியில் தாவினால் மட்டும் வேறு கதை: செயினை இணைத்த இடத்தில் கண்ணி இறுகியிருக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினாலே அது துள்ளுவது தெரியும். அந்தக் கண்ணியைக் கையால் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்குங்கள். அதற்குச் செலவே இல்லை.