பாரிஷ் வரி சர்ச்சுக்குப் போகிறதா?

தம்பி, இங்கிலாந்தில் லாக்ஸ்டன் கிராமத்தில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டோம், கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வீட்டு வரி) பில்லில் பாரிஷ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள், நாங்கள் சர்ச்சுக்கே போவதில்லையே, கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டத்தான் வேண்டும். ஆனால் அது சர்ச்சுக்குப் போகாது.

நம் ஊர் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்களே, பாரிஷும் முதலில் அதுதான்: ஒரு சாமியாரின் பொறுப்பில் இருந்த எல்லை. 1538 முதல் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் அங்கே பதிந்தார்கள். 1601 சட்டத்துக்குப் பிறகு ஏழைகளைக் காப்பாற்ற வரி வசூலிப்பதும் பாரிஷ் தலையில் விழுந்தது. 1894இல்தான் ஊர் வேலையைச் சர்ச்சிடமிருந்து பிரித்து பாரிஷ் கவுன்சிலுக்குக் கொடுத்தார்கள். குட்டிப் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகையும் சின்னதுதான்.

சரி, பில்லை விடுங்கள். நீங்கள் குடிபோகிற ஊர் நாட்டிங்காம்ஷையரில் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். நியூவார்க்கிலிருந்து காரில் வரும்போது வழியெல்லாம் வேலிச்செடி. லாக்ஸ்டன் வயலுக்கு வந்ததும் வேலியே இருக்காது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்ட் சட்டம் போட்டு இங்கிலாந்தின் பொது வயல்களைப் பிரித்து வேலி அடைத்தார்கள். லாக்ஸ்டனில் அது முழுசாக நடக்கவில்லை. வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு என்று மூன்று பெரிய வயல். ஒவ்வொரு விவசாயிக்கும் அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீற்று கீற்றாக நிலம். ஒரு வயலில் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு என்று வருடத்துக்கு வருடம் மாறி வரும் (இப்போது தரிசில் தீவனப் புல்லும் போடுகிறார்கள்). நிலம் சிதறிக் கிடப்பதால் பண்ணைவீடுகள் வயலுக்கு நடுவே போகாமல் இன்னமும் தெருவிலேயே நிற்கின்றன. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த வரைபடத்தில் ஒவ்வொரு கீற்றும் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஜூரி நாள் வரும், வயல் எல்லைகளை ஊர் ஜூரி சோதிக்கிற நாள், தவறவிடாதீர்கள். 12 பேரும் ஒரு ஃபோர்மனும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிக் கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். நான் போயிருந்த வருடம், எல்லை மறைந்திருந்த இடத்தில் ஒருவர் குச்சியை நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்து இறக்கினார். கொஞ்சம் தள்ளி, யாரோ பொதுப் புல்வெளிக்குள் ஒரு முழம் உழுதிருந்தார், எழுதிக்கொண்டார்கள். வரப்பு வெட்டித் தின்கிற பழக்கம் எங்கேயும் உண்டு போலிருக்கிறது! அடுத்த வாரம் டவ்கோட் இன் பப்பில் ஊரின் பழைய வயல் கோர்ட் கூடி அபராதம் போடும். அபராதம் அற்பம்தான், ஆனால் ஊரார் முன்னால் கட்ட வேண்டுமே. 1977இல் சட்டம் இந்த மாதிரிப் பழைய கோர்ட்டுகளின் அதிகாரத்தை எடுத்தபோதும் லாக்ஸ்டனை விட்டுவைத்தது.

நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது: 1952இல் அரசு வாங்கியது, 1981இல் மன்னர் பெயரிலுள்ள சொத்துகளைப் பார்க்கிற கிரவுன் எஸ்டேட், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார். உழுகிறவர்கள் குத்தகைக்காரர்கள்தான்.

வயல் நடுவே போகும் புல்பாதையைக் காலியிடம் என்று நினைத்து காரை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், முதலில் கம் பூட்ஸ் வாங்குங்கள். அந்த ஊர் களிமண் ஷூவோடு வீட்டுக்குள் வந்தால், வாடகை வீட்டுக் கார்ப்பெட்டிலிருந்து லேசில் போகாது.