கையில் பிடித்து நடத்தும்போது இழுத்து இடிக்கும் இளம் மட்டக்குதிரையைப் பழக்குவது எப்படி?

கேள்வி: இரண்டு வயது ஆண் மட்டக்குதிரை ஒன்றை வளர்த்து வருகிறேன். லாயத்திலிருந்து மேய்ச்சல் வெளிக்குக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லும்போது அது என்னை முந்திக்கொண்டு இழுக்கிறது, தோளால் இடிக்கிறது, சட்டையின் கைப்பகுதியைக் கடிக்கிறது. சில நாட்களில் வழியிலேயே நின்று நகர மறுக்கிறது. அடிக்காமல் இதைத் திருத்த முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் கூறும் நான்கு குறைகளுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: கயிறு இறுகும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு இன்னும் தெளிவாகக் கற்பிக்கப்படவில்லை. குதிரை அழுத்தத்திலிருந்து கற்பதைவிட அந்த அழுத்தம் விலகும் கணத்திலிருந்தே கற்கிறது. அது ஓர் அடி பின்வாங்கியதும் கயிற்றைத் தளர்த்தினால் பின்வாங்குவதே சரியான விடை என்று புரிந்துகொள்கிறது. இழுத்துக்கொண்டு ஓடும்போது கை வலிக்கிறதே என்று விட்டுக்கொடுத்தால் இழுப்பதும் அதே விதத்தில் சரியான விடையாகிவிடுகிறது. இந்தத் தளர்வு, சரியான அசைவு தொடங்கிய ஒரு நொடிக்குள் கிடைக்க வேண்டும்.

முதலில் கருவிகளைக் கவனியுங்கள். தலைக்கயிறு கன்ன எலும்பிலோ கண்ணருகிலோ உரசாதபடி பொருந்த வேண்டும். பிடிகயிறு மூன்று மீட்டர் அளவில் இருக்கலாம். மீந்த பகுதியை மடிப்பு மடிப்பாகக் கையில் பிடியுங்கள், எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலை முறித்துவிடும், ஆளையும் இழுத்துச் சென்றுவிடும். கையுறையும் கெட்டியான காலணியும் தலைக்கவசமும் அவசியம். மூக்கின்மேல் சங்கிலி போடும் முறையை இந்த வயதுக் குட்டியிடம் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் வலி மிகுந்தால் அது கற்பதை விட்டுவிட்டுத் தப்பிக்கவே முயலும்.

பாடத்தை மேய்ச்சல் வெளிக்குப் போகும் வழியில் தொடங்க வேண்டாம். புல்லைக் கண்ட குட்டியிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது வீண். வேலியிட்ட, அமைதியான இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வழக்கப்படி அதன் இடப்பக்கத்தில், தோளுக்கு நேராக, ஒரு கை நீளம் தள்ளி நின்று, முன்னோக்கிப் பார்த்தபடி ‘நட’ என்று சொல்லி நீங்களும் நடக்கத் தொடங்குங்கள். அது அசையாவிட்டால் திரும்பி நின்று முகத்தைப் பார்த்து இழுக்காதீர்கள். எதிரே நின்று இழுத்தால் பெரும்பாலான குதிரைகள் தலையை உயர்த்திப் பின்னுக்குத்தான் சாய்கின்றன, பலப்பரீட்சையில் நீங்கள் வெல்லவும் முடியாது. இடக்கையில் நீண்ட குச்சியை வைத்துக்கொண்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நீட்டி, அதன் விலாப்பகுதியை இலேசாகத் தட்டுங்கள். ஓர் அடி எடுத்து வைத்ததும் தட்டுவதை நிறுத்துங்கள். தண்டிக்கும் கருவியாக அந்தக் குச்சியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் நின்று மறுக்கிறது என்றால், அங்கே அது எதற்கோ அஞ்சுகிறதா என்று பார்த்து, நோக்கி நிற்கச் சற்று அவகாசம் கொடுங்கள்.

நிறுத்துவதற்கும் வரிசை மாறாமல் இருக்க வேண்டும்: முதலில் ‘நில்’ என்ற சொல், அடுத்து உங்கள் உடல் நிமிர்ந்து நிற்பது, அதற்கும் நிற்காவிட்டால் மட்டுமே கயிற்றில் பின்னோக்கிய அழுத்தம். நாளடைவில் சொல்லுக்கே நின்றுவிடும். முந்தினால் நிறுத்தி, இரண்டு மூன்று அடி பின்னால் நடத்தி, அமைதியாக மீண்டும் தொடங்குங்கள். திருப்பும்போது அதை உங்கள் பக்கம் இழுக்காமல் உங்களிடமிருந்து விலகிச் செல்லும்படி வலப்புறமாகத் திருப்புங்கள். உங்கள் கால்மேல் குளம்பு படாமல் இருப்பதோடு, உங்களுக்கு இடம் விட வேண்டும் என்பதையும் அது கற்கும். இடப்பக்கம் பழகிய பின் இதே பாடங்களை வலப்பக்கமிருந்தும் புதிதாகவே கற்பிக்க வேண்டியிருக்கும்.

கடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முகத்தில் அறைவது பலரும் செய்வது. ஆனால் குட்டி ஆண் குதிரைகள் ஒன்றையொன்று கடித்து விலகி விளையாடும் இயல்புள்ளவை என்பதால் அந்த அறையும் விளையாட்டின் அடுத்த சுற்றாகிவிடுகிறது, இல்லையேல் கை உயர்ந்தாலே தலையை வெட்டி இழுக்கும் பழக்கம் வருகிறது. கையால் தீனி ஊட்டுவதை முற்றிலும் நிறுத்தி, தொட்டியில் மட்டும் கொடுங்கள். தலை உங்கள் பக்கம் திரும்பும்போதே, வாய் சட்டையைத் தொடும் முன், கயிற்றால் தலையை நேராக்கி உடனே நடக்கச் செய்யுங்கள். இரண்டரை வயதை ஒட்டி முன்வரிசைப் பால்பற்கள் விழத் தொடங்குவதால் வாயில் எரிச்சல் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டி, இனப்பெருக்கத்துக்கு வைக்கும் எண்ணம் இல்லையென்றால் காயடிப்பது குறித்தும் அப்போதே பேசுங்கள்.

நாள் முழுதும் லாயத்தில் அடைபட்டுத் தானியம் தின்னும் குட்டி கயிற்றில் துள்ளத்தான் செய்யும். பிற குதிரைகளோடு திறந்த வெளியில் கூடுதல் நேரம் இருக்கவிட்டால் பாதித் தொல்லை பாடமின்றியே குறையக்கூடும்.

மேய்ச்சல் வெளியில் விடும்போது, உள்ளே நுழைந்ததும் அதன் முகம் வாயிற்கதவைப் பார்க்கும்படி திருப்பி, அசையாமல் நிற்க வைத்து, பிறகே தலைக்கயிற்றைக் கழற்றி நீங்கள் பின்வாங்குங்கள். நேராக அவிழ்த்துவிட்டால் துள்ளி ஓடும் வேகத்தில் பின்கால் உதை உங்கள்மேல் படலாம். முன்கால்களை உயர்த்தி எழுவது, முன்காலால் அடிப்பது போன்றவை தொடங்கியிருந்தால் தனியாக முயலாமல், இளங்குதிரைகளைப் பழக்கிய அனுபவமுள்ள ஒருவரை நேரில் வரவழையுங்கள்.