வாசகர் கேள்வி–பதில்: சூகெஎவ்னெ என்றால் என்ன?

கேள்வி: ஒஸ்லோவிலிருந்து மகள் கொண்டுவந்த சமையலறைத் தாள் சுருளின் உறையில் ‘சூகெஎவ்னெ’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. வாக்குவம் கிளீனருக்கும் இதே சொல்தானாம். பிரித்துப் பொருள் சொல்வீர்களா?

பதில்: இது நோர்வேஜியச் சொல். சூகெ என்றால் உறிஞ்சு, எவ்னெ என்றால் திறன். நம் ‘உறிஞ்சுதிறன்’ அதே கட்டுமானம்தான். நடுவில் வரும் இரண்டு எகரங்களையும் ஒன்றாக்கிவிடாமல் சூ-கெ-எவ்-னெ என்று நான்கு அசையாகச் சொல்ல வேண்டும்.

சூகெ, நோர்வேஜியத்தின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியின் ‘சூகா’விலிருந்து வந்தது. ஜெர்மனின் ‘ஸௌகென்’ அதற்கு உடன்பிறப்பு. ஜெர்மன்காரர்களும் இதே பாணியில் ‘ஸௌக்ஃபேஹிக்கைட்’ என்கிறார்கள். எவ்னெயின் கதை இன்னும் சுவையானது. அதன் பின்னால் இருக்கும் ‘எஃப்னி’ என்ற பழஞ்சொல்லுக்கு, ஒன்றைச் செய்வதற்கான மூலப்பொருள் என்று அர்த்தம். மூலப்பொருள் என்பது மெல்லத் திறமை ஆகிவிட்டது. ‘அவனிடம் சரக்கு இருக்கிறது’ என்று நாம் சொல்வதில்லையா, அந்த வழிதான்.

நோர்வேஜிய மொழியில் சூகெ ஓயாமல் உழைக்கும் சொல். வாக்குவம் கிளீனர் ‘ஸ்தோவ்சூகெர்’, அதாவது தூசி உறிஞ்சி. குளிர்பானக் குழல் ‘சூகெரோர்’. ஆகவே சூகெஎவ்னெ இயந்திரத்தின் மேல் இருந்தால் காற்றை இழுக்கும் விசை. தாள், துணி, பஞ்சின் மேல் இருந்தால் ஈரம் உறிஞ்சுவது. இரண்டாவதை மட்டும் ஐயமின்றிக் குறிக்க ‘ஒப்சூகிங்ஸ்எவ்னெ’ என்ற நீளமான சொல் உண்டு. மை ஒற்றும் தாளுக்கு மட்டும் சூகெ இல்லை; அது ‘த்ரெக்பபீர்’, இழுக்கும் தாள்.

கேள்வி: பேர்கனில் கட்டட வேலை பார்க்கும் தம்பி, செங்கல் விவரத்தாளில் ‘மினுத்சூக்’ என்று ஓர் எண் இருப்பதாகச் சொல்கிறான். அதுவும் இதுதானா?

பதில்: அதே குடும்பம், ஆனால் அளவு வேறு. எவ்வளவு குடிக்கும் என்பதல்ல, முதல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பதுதான் மினுத்சூக். உலர்ந்த செங்கல்லை எடை போட்டு, அதன் படுகைப் பக்கம் (கலவைமேல் படியும் பக்கம்) சுமார் 5 மி.மீ. ஆழம் நீரில் இருக்கும்படி 60 விநாடி வைத்து, ஒட்டிய நீரைத் துடைத்து மறுபடி எடை போடுவார்கள். கூடிய எடையைப் பரப்பால் வகுத்தால் விடை. 226 × 104 மி.மீ. படுகை உள்ள நோர்வேச் செங்கல் 47 கிராம் கூடினால், சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2 கிலோ.

எண் அதிகமானால், சிமெண்ட் கலவையின் நீரைச் செங்கல் உடனே இழுத்துவிடும். சிமெண்ட் இறுகத் தேவையான ஈரம் போய்விடும். கல்லைத் தட்டிச் சரிசெய்யவும் நேரம் இருக்காது. பிடிப்பு குறைந்து இணைப்பில் மழைநீர் ஊறும். முன்கூட்டியே நனைத்து, மேல்நீர் வற்றிய பிறகு கட்டுவதுதான் மருந்து. நம்மூர்க் கொத்தனார்கள் கல்லை நனைத்துக் கட்டுவதும் இதற்காகவே. எண் மிகக் குறைவாக இருந்தால் நேரெதிர்: கல் கலவைமேல் வழுக்கும். அதை நனைக்கவே கூடாது. கலவையில் நீரைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: புதுத் துண்டு தண்ணீரைத் தள்ளிவிடுகிறதே, ஏன்?

பதில்: ஆலையில் போட்ட மென்மையூட்டி (கண்டிஷனர்) இழைமேல் கொழுப்புப் படலமாக ஒட்டியிருக்கும். சந்தேகமானால் 1 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேலும் அதன் பளபளப்பு மறையாவிட்டால் அதுதான் காரணம். துணி தாங்குமென்றால் 60 டிகிரி நீரில், வழக்கமான சோப்புத்தூளோடு, கண்டிஷனர் சேர்க்காமல் இரண்டு மூன்று முறை துவையுங்கள்.