பை தைக்கும் பெண்ணுக்கு பார்சன்ஸ் வேண்டாம், அக்கவுன்டிங் போதும்

நியூயார்க்கின் குவீன்ஸிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் 12-ஆம் வகுப்பு, கணக்கில் கெட்டி. வீட்டுத் தையல் மெஷினில் ரெக்ஸின் பை தைத்துத் தோழிகளுக்கு 45 டாலருக்கு விற்கிறாள். ஆனால் பையின் ஒரு பக்கம் நீண்டுவிடுகிறதாம். பை வடிவமைப்பில் பெயர் பெற்ற டெல்ஃபர் கிளெமென்ஸ் போல வரவேண்டுமாம். என்ன படிக்க வைப்பது, முதலீட்டுக்கு எங்கே போவது என்று தாய் கேட்கிறார். சித்தப்பா டேட்டா சயின்ஸ் என்கிறார். அத்தையோ, "ஃபேஷன்தான் என்றால் பார்சன்ஸில் சேருங்கள், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறார். நியூயார்க்கின் பேர்பெற்ற தனியார் வடிவமைப்புக் கல்லூரி அது. "அந்த டெல்ஃபர் ஒரு மாதிரியாமே" என்ற கிசுகிசுப்பு வேறு.

பதறுவது இயல்புதான். ஆனால் நான் ஆறுதல் சொல்வதால் கட்டணம் குறையப் போவதில்லை.

கிசுகிசுப்பை முதலில் முடித்துவிடுவோம். கிளெமென்ஸ் கறுப்பினத்தவர், குயர், அதாவது பால் ஈர்ப்பில் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர். இரண்டையும் அவர் மறைத்ததில்லை. உங்கள் மகள் யாரை நேசிப்பாள் என்பது கல்லூரி விண்ணப்பத்தில் வரும் கேள்வி அல்ல, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவெடுக்கும் விஷயமும் அல்ல. அவள் அவரிடம் எதைக் கற்கலாம் என்பதைப் பார்ப்போம்.

லைபீரியப் பெற்றோருக்கு குவீன்ஸில் பிறந்தவர் கிளெமென்ஸ். அவர் படித்தது ஃபேஷன் அல்ல, பேஸ் பல்கலைக்கழகத்தில் அக்கவுன்டிங். மாணவராக இருந்தபோதே, 2005-இல், ஆண் பெண் என்ற பிரிவே இல்லாத ஆடைகளோடு டெல்ஃபர் நிறுவனத்தைத் தொடங்கினார். பல வருடம் டிஜே வேலை செய்துதான் அதை ஓட்டினார். அமெரிக்க ஃபேஷன் வடிவமைப்பாளர் சங்கமும் வோக் இதழும் தரும் பெரிய பரிசான சிஎஃப்டிஏ–வோக் நிதி, 4,00,000 டாலர், கைக்கு வந்தது 2017-இல். இடையில் 12 வருடம். அதைத் தாங்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. மாதாமாதம் கல்விக்கடன் தவணை கட்டுகிறவரால் 12 வருடம் தாங்க முடியாது.

அவருடைய சமூகப் பணியும் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நடந்ததல்ல. ஒயிட் காசில் பர்கர் கடை ஊழியர்களுக்கு 2017-இல் சீருடை வடிவமைத்தார். அதையொட்டி விற்ற ஆடைகளின் வருமானம், ஜாமீன் கட்டப் பணமில்லாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கிடந்த சிறார்களை வெளியே எடுக்கும் நிதிக்குப் போனது. "எல்லோருக்கும்" என்பது அவர் கம்பெனியின் முழக்கம். பையின் விலையிலும் அது தெரிந்தது: பெயர் பெற்ற காலத்தில் மூன்று அளவுகளும் 150 முதல் 257 டாலருக்குள். இந்த விலையில் விற்று லாபமும் பார்க்க, வரவு செலவு கைக்குள் இருக்க வேண்டும்.

பார்சன்ஸின் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 55,000 டாலருக்கு மேல். நல்ல கல்லூரிதான். ஆனால் முழு உதவித்தொகை இல்லாமல் நான்கு வருடம் அங்கே அனுப்பாதீர்கள், பெற்றோர் பெயரில் கடன் வாங்கி அனுப்பவே அனுப்பாதீர்கள். டேட்டா சயின்ஸைப் பற்றி ஒரே வரி: அவள் கேட்கவில்லை.

யாரும் யோசிக்காத வழி ஒன்று இருக்கிறது. மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூ 25-ஆம் தெருப் பக்கம் பரூக் கல்லூரி. நகரப் பல்கலைக்கழகமான க்யூனியைச் சேர்ந்தது. நியூயார்க் வாசிகளுக்கு வருடக் கட்டணம் 7,000 டாலரை ஒட்டி. அங்கே அக்கவுன்டிங். சில தெரு மேற்கே, ஏழாவது அவென்யூவில், ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. அதுவும் அரசுக் கல்லூரி. பட்டப்படிப்பில் சேராமலே தனிப்பாடம் எடுக்கலாம். பள்ளி மாணவர்களுக்கான வகுப்புகளும் உண்டு, இந்த வருடமே ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

குடும்ப வருமானம் 1,25,000 டாலருக்குள் என்றால் நியூயார்க் மாநிலம் தரும் எக்ஸெல்சியர் உதவித்தொகைக்கு எழுதுங்கள். அதில் ஒரு கண்ணி உண்டு: வருடத்துக்கு 30 கிரெடிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு) முடிக்க வேண்டும். ஆர்டர் குவிகிறது என்று நடுவில் ஒரு பாடத்தை விட்டால் உதவி நின்றுவிடும். உதவி பெற்ற வருடங்களுக்குச் சமமாகப் பிறகு நியூயார்க் மாநிலத்திலேயே வசிக்கவும் வேண்டும். மீறினால் தொகை கடனாக மாறும்.

இனி அவள் மேசைக்கு வருவோம். வீட்டு மெஷினில் கீழ்த் துணியை மட்டும்தான் பற்கள் இழுக்கும். மேலே இருக்கும் ரெக்ஸின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். அதனால்தான் பையின் ஒரு பக்கம் அரை அங்குலம் நீண்டு நிற்கிறது. வேண்டியது வாக்கிங் ஃபுட் மெஷின்: அதில் மேலிருக்கும் பாதமும் துணியைச் சேர்ந்து இழுக்கும். பழையது வாங்கினால் போதும். தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர். அதைவிடப் பொடியாகத் தைத்தால் வரிசையாக ஓட்டை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். 18-ஆம் எண் ஊசி, 69-ஆம் எண் பிணைப்பு நைலான் (bonded nylon) நூல். குண்டூசி கூடாது, கிளிப் போடட்டும்: ரெக்ஸினில் விழுந்த ஓட்டை மூடாது. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைத்து, உள்ளே ஒரு துண்டு கெட்டித் துணி வைக்க வேண்டும். முதலில் பிய்வது அங்கேதான்.

இப்போது 45 டாலர் கணக்கு. ரெக்ஸின், லைனிங், ஜிப், பொட்டலம் எல்லாம் சேர்த்து 24 டாலர் என்று வைப்போம். மிச்சம் 21; அதை லாபம் என்கிறாள். ஒரு பைக்கு இரண்டரை மணி நேரம். அதோடு, 110 டாலருக்குக் குறைந்த துணிமணிக்கு நியூயார்க்கில் விற்பனை வரி இல்லை, ஆனால் கைப்பை துணிமணிக் கணக்கில் வராது. நகரத்தில் 8.875 சதவீதம் வசூலிக்க வேண்டும். வசூலிக்காமல் விட்ட 4 டாலரை அவள்தான் கட்ட வேண்டும். மீதி 17. மணிக்கு 7 டாலர்கூட இல்லை! முறையாக விற்க ஆரம்பிப்பதற்குக் குறைந்தது 20 நாள் முன்பே மாநில வரித்துறையில் விற்பனை வரி வசூலிக்கும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

முதலீடு எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தீர்கள். 2020-இல் டெல்ஃபர் பைகளை மென்பொருள் வைத்து அள்ளிக்கொண்டு மறுவிற்பனைக்காரர்கள் கொழுத்தபோது, கிளெமென்ஸ் ஆகஸ்ட் 19 அன்று 24 மணி நேரத்துக்கு முன்பதிவைத் திறந்தார். யார் கேட்டாலும், எத்தனை கேட்டாலும் உண்டு. பணம் இப்போது, பை வருடக் கடைசியில். சரக்கு தேங்காது, வாசலில் நின்றவர் வெறுங்கையோடு போகவும் இல்லை. உங்கள் மகள் இதையே பத்துப் பைக்குச் செய்யலாம். ஆனால் முன்பணம் வருமானம் அல்ல, பை போய்ச் சேரும்வரை அது கடன். தனி வங்கிக் கணக்கில் கிடக்கட்டும். சொன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். தேதி சொல்லாவிட்டால் 30 நாள். தாமதமானால் வாங்கியவரின் சம்மதம் கேட்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மத்திய அரசின் விதி இது. சின்னக் கடைகள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்: முன்பணத்தில் அடுத்த சுற்று ரெக்ஸின் வாங்கிவிடுவார்கள், பழைய ஆர்டருக்கு ஜிப் வாங்கக் காசிருக்காது.

கோடைக்குள் அந்தப் பத்துப் பையை அவளே முடிக்கட்டும், நீங்கள் கணக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். தைப்பது பிடித்து, கணக்கு எழுதுவது வேப்பங்காயாகக் கசந்தால் அக்கவுன்டிங்கைத் திணிக்க வேண்டாம். அந்த ஏழாவது அவென்யூக் கல்லூரியிலேயே பை, காலணி வடிவமைப்பில் இரண்டு வருடப் பட்டம் இருக்கிறது, அதற்கும் பார்சன்ஸ் கட்டணத்தில் சிறு பங்குதான். சித்தப்பாவுக்குப் பதில் எழுதுவது உங்கள் பாடு.