ட்யூன் மூன்றாம் பாகம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

'ட்யூன்' மூன்றாம் பாகம் 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகிறது. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் நாவல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்பதால், நடிகர் தேர்வு பற்றியும் படம் உருவான விதம் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு படங்களைப் பார்த்தவர்களுக்கான பதில்கள் இவை. இந்தப் படத்துக்கு அடிப்படையான 'ட்யூன் மெசையா' நாவலின் முடிவை எங்கும் சொல்லவில்லை. ஆனால் அதன் கதையைக் கொஞ்சமாவது தொடாமல் நடிகர்களைப் பற்றிப் பேச முடியாது.

கேள்வி: அண்ணா, பால் ஜெயித்து அரியணை ஏறியதோடு கதை முடிந்துவிட்டதே. மூன்றாவது படம் வசூலுக்காகத்தானே?

பதில்: வசூல் வராமல் எந்த ஸ்டுடியோவும் பணம் போடாது தம்பி. சுமார் 19 கோடி டாலரில் எடுத்த இரண்டாம் பாகம் 70 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆனால் கதை முடிந்துவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். பால் ஜெயித்தான் என்ற இடத்தில் நிறுத்தினால் ஹெர்பர்ட் சொல்ல வந்ததில் பாதிதான் நம் கைக்கு வரும். 1965-ல் முதல் நாவல் வந்தபோது வாசகர்கள் பாலைக் கதாநாயகனாகக் கொண்டாடினார்கள். மக்களை மயக்கும் தலைவர்களைப் பற்றி எச்சரிக்கத்தான் ஹெர்பர்ட் அதை எழுதியிருந்தார். அந்த எச்சரிக்கையை இன்னும் உரக்கச் சொல்ல 1969-ல் 'ட்யூன் மெசையா' வந்தது. அதில் பால் சக்கரவர்த்தி. அவன் பெயரால் நடந்த புனிதப்போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள், 90 கிரகங்கள் பாழாகியிருக்கின்றன. அந்தக் கணக்கைச் சொல்பவனே பால்தான்.

இயக்குநர் டெனி வில்னோவ் இந்தக் காரணத்தைப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் படம் வந்த சமயத்திலேயே மெசையாவையும் எடுக்க ஆசை என்றார். இரண்டு படங்களிலும் அவர் செய்த மாற்றங்கள் பல இந்த மூன்றாவதை மனத்தில் வைத்துச் செய்தவை என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்களில் அது தெரியும்.

கேள்வி: சார், நாவலில் 12 வருடம் கழிந்துவிடுகிறது. ஷாலமே இன்னும் கல்லூரிப் பையன் போலத்தானே இருக்கிறார்?

பதில்: முதல் படத்தின் படப்பிடிப்பு 2019-ல் நடந்தபோது, பாலாக நடிக்கும் திமோத்தே ஷாலமேவுக்கு வயது 23. மூன்றாவது 2025 ஜூலையில் புடாபெஸ்டில் தொடங்கியபோது 29. இன்னும் சில வருடம் காத்திருந்து எடுக்கத்தான் வில்னோவ் முதலில் நினைத்தார், பிறகு முன்னதாகவே இறங்கிவிட்டார். எனக்கு இதில் குறை தெரியவில்லை. நாவலின் பாலுக்கும் வயது முப்பதுக்குக் கொஞ்சம்தான் கூட. சின்ன வயதிலேயே தளர்ந்துபோனவன் அவன். அந்தத் தளர்ச்சியைக் கண்ணில் காட்டினால் போதும், நரைத்த தாடி வேண்டாம்.

கேள்வி: டங்கன் ஐடஹோ முதல் படத்திலேயே செத்துப்போனாரே! ஜேசன் மொமோவா எப்படித் திரும்பி வருகிறார்? கனவுக் காட்சியா?

பதில்: கனவு இல்லை, உடம்போடுதான் வருகிறார். ட்லெய்லாக்ஸு என்று ஓர் இனம் உண்டு. செத்தவனின் உடலிலிருந்து உயிருள்ள ஓர் ஆளை மறுபடி உருவாக்கும் தொழில் அவர்களுடையது. அப்படி உருவானவனுக்குப் பெயர் கோலா. டங்கனின் கோலாவுக்கு 'ஹெய்ட்' என்று பெயர் வைத்துப் பாலுக்கே பரிசாக அனுப்புகிறார்கள். முகம் பழைய நண்பனுடையது, நினைவு எதுவும் இல்லை. பரிசுக்குள் விஷம் இருக்கிறது என்று பாலுக்கே தெரியும். தெரிந்தும் மறுக்க முடியவில்லை. நாவலில் என் மனதை அதிகம் உலுக்கிய இழை இதுதான்.

இப்போது முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். டங்கன் பாலைத் தூக்கி அணைத்துச் சிரிக்கும் காட்சி உண்டல்லவா? படத்திலேயே மனம்விட்டுச் சிரிக்கும் ஒரே ஆள் அவர். மொமோவாவை அந்த வேடத்துக்கு எடுத்ததன் முழுப் பலன் இப்போதுதான் கிடைக்கப்போகிறது. அந்தச் சிரிப்பு இல்லாத அதே முகத்தைப் பார்க்கும்போது பாலுக்கு வலிப்பது நமக்கும் வலிக்க வேண்டும்.

கேள்வி: ராபர்ட் பாட்டின்சன் வில்லனா?

பதில்: ஸ்கைட்டேல் என்ற பாத்திரம். நினைத்த முகத்துக்கு மாறக்கூடிய 'முக நடனக்காரன்'. பாலைக் கவிழ்க்கச் சதி செய்யும் நால்வரில் ஒருவன். கொடூரமானவன் என்று சொல்ல மாட்டேன். நாகரிகமாகப் பேசுவான், தன்னிடம் சிக்கியவனுக்கும் தப்பிக்க ஒரு வழி விடவேண்டும் என்று கொள்கை வைத்திருப்பவன். பாட்டின்சன் பல வருடங்களாகத் தேடித் தேடி எடுத்துக்கொண்ட விசித்திரமான வேடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேர்வு ஆச்சரியமாக இருக்காது.

கேள்வி: இரண்டாம் பாகத்தில் ஆலியா வயிற்றில்தான் இருந்தாள். ஆன்யா டெய்லர்-ஜாய் ஒரு நொடி வந்துபோனார். அது எதற்கு?

பதில்: முதல் நாவலின் முடிவில் பாலின் தங்கை ஆலியா நடந்து பேசும் சிறுமி, ஹர்கோனன் பிரபுவைக் கொல்பவளே அவள்தான். படத்தில் வில்னோவ் கதையின் காலத்தை ஒன்பது மாதத்துக்குள் சுருக்கிவிட்டார், அதனால் ஆலியா பிறக்கவே இல்லை. பெரியவர்களின் அறிவோடு பேசும் குழந்தையைத் திரையில் நம்பும்படி காட்டுவது கஷ்டம். 1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த படத்தில் அது எப்படி வந்தது என்று பார்த்தால் இவர் ஏன் தவிர்த்தார் என்பது புரியும். அப்புறம், பாலின் தரிசனத்தில் வளர்ந்த ஆலியாவாக டெய்லர்-ஜாயைக் காட்டி இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். 2024 பிப்ரவரியில் லண்டன் சிறப்புக் காட்சிக்கு அவர் வந்து நிற்கும்வரை அந்த விஷயம் ரகசியமாகவே இருந்தது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணை. சானி பாலை விட்டுப் போயிட்டாள். நாவலிலை அப்படி இல்லையே? ஸெண்டேயாவை எப்படித் திரும்பக் கொண்டுவருவினம்?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. எனக்கும் அதிகம் ஆவலைத் தருவது இதுதான். நாவலில் சானி கடைசிவரை பாலின் பக்கம் நிற்கிறாள். பழைய சக்கரவர்த்தியின் மகள் இருலான் பெயருக்குத்தான் மனைவி. படத்தில் சானி பாலின் தெய்வீகத்தை நம்ப மறுக்கிறாள், எல்லோரும் மண்டியிடும்போது வெளியேறுகிறாள், மணல்புழுவுக்காகக் காத்து நிற்கும் அவள் முகத்தோடு படம் முடிகிறது. பாலை நம்பாதே என்று பார்வையாளரிடம் சொல்ல ஒரு மனித முகம் வேண்டியிருந்தது, அதற்காகச் சானியை வில்னோவ் மாற்றினார். எனக்கு இது பிடித்த மாற்றம். ஆனால் மெசையாவின் கதை முழுவதும் பால், சானி, இருலான் மூவருக்கும் நடுவே ஒரு வாரிசைச் சுற்றித்தான் நகர்கிறது. கோபித்துக்கொண்டு போனவளை அந்த வீட்டுக்குள் கொண்டுவராமல் கதை நடக்காது. இருலானாக வரும் ஃப்ளோரன்ஸ் ப்யூவுக்கு இரண்டாம் பாகத்தில் எழுதுவதைத் தவிர வேலை குறைவு. இதில் இருலானுக்குக் கனமான இடம் இருக்கிறது.

கேள்வி: பாலின் பிள்ளைகளாக இரண்டு பேரை எடுத்திருக்கிறார்களாமே?

பதில்: ஆமாம். லெட்டோ வேடத்தில் நகோவா-வுல்ஃப் மொமோவா, கனிமா வேடத்தில் ஐடா ப்ரூக். நகோவா-வுல்ஃப் ஜேசன் மொமோவாவின் மகன். இந்த நாவலில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. ஆகவே எதிர்காலத் தரிசனமாகவோ காலத்தைத் தாண்டியோ காட்டுவார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: இதற்கு முன் மெசையாவை யாருமே படமாக்கவில்லையா?

பதில்: பெரிய திரைக்கு இதுதான் முதல் தடவை. 1970-களில் இயக்குநர் ஹொடொரோவ்ஸ்கி எடுக்க நினைத்தது முதல் நாவலை. சால்வடோர் டாலி, ஆர்சன் வெல்ஸ், மிக் ஜாகர் என்று ஆட்களைப் பேசி வைத்தார், பால் வேடத்துக்குத் தன் மகனை இரண்டு வருடம் சண்டைப் பயிற்சிக்கு அனுப்பினார். பணம் கிடைக்காமல் நின்றுபோனது. பிறகு லிஞ்ச், கைல் மெக்லாக்லனை முதல்முறையாகத் திரைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் படத்துக்காக மெசையாவின் திரைக்கதையைப் பாதிவரை எழுதியும் வைத்திருந்தார். முதல் படம் தோற்றதால் அது அப்படியே கிடந்தது. 2003-ல் தொலைக்காட்சியில் ஒரு குறுந்தொடர் வந்தது. மெசையாவையும் அதற்கடுத்த நாவலையும் சேர்த்து மூன்று பகுதிகளில் முடித்தார்கள். அதில் லெட்டோவாக வந்தவர் இளம் ஜேம்ஸ் மெக்கவாய்.

கேள்வி: கேமராமேன் மாறிவிட்டாராமே? தோற்றமும் மாறுமா?

பதில்: கிரேக் ஃப்ரேசருக்குப் பதில் லீனஸ் சாண்ட்கிரென். முதல் பாகத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் ஃப்ரேசர், அந்த மணலின் நிறத்தை உருவாக்கியவர். அவர் இல்லாதது எனக்கு வருத்தம்தான். ஆனால் சாண்ட்கிரெனும் ஆஸ்கர் வாங்கியவர், ஃபிலிமில் எடுப்பதில் தேர்ந்தவர். முதல் இரண்டையும் டிஜிட்டலில் எடுத்து, ஃபிலிமில் அச்சிட்டு, மறுபடி ஸ்கேன் செய்தார்கள். இந்த முறை சில பகுதிகளை ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவிலேயே எடுத்திருக்கிறார்கள். தோற்றம் மாறத்தான் செய்யும். கதையும் பாலைவனப் போரிலிருந்து அரண்மனை அறைகளுக்குள் நகர்வதால் மாறுவதே நல்லது. இசை மட்டும் அதே ஹான்ஸ் ஸிம்மர்.

கேள்வி: அதே நாளில் அவெஞ்சர்ஸும் வருகிறதே சார். சென்னையில் ஐமேக்ஸ் கிடைக்குமா?

பதில்: ஐமேக்ஸ் திரைகளை ட்யூனுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் செய்தி. அப்படியானால் சென்னைக்காரர்களுக்கு வேளச்சேரி லக்ஸும் வடபழனி பலாஸோவும், கோவைக்காரர்களுக்கு பிராட்வேயும் இருக்கின்றன. முன்பதிவு திறந்த அன்றே நடு வரிசைக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்.

கேள்வி: நடிகர் தேர்வுக்கே இப்போது ஆஸ்கர் உண்டா?

பதில்: உண்டு. 2025-ல் வெளியான படங்களிலிருந்து அந்த விருது தொடங்கியது. இந்தப் படம் இரண்டாவது ஆண்டுப் போட்டிக்கு வரும்.

கேள்வி: படம் வருவதற்குள் நாவலைப் படித்துவிடலாமா?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். மெசையா சின்னப் புத்தகம், முதல் நாவலில் பாதிகூட இருக்காது. ஆனால் முதல் நாவலைப் படிக்காமல் நேராக இதற்குள் போக வேண்டாம், படத்துக்கும் நாவலுக்கும் சானி விஷயத்திலேயே வழி பிரிந்துவிட்டது. மெசையாவின் தொடக்கத்தில் நான்கு பேர் உட்கார்ந்து சதி பேசும் காட்சி பலரைப் புத்தகத்தை மூடவைக்கிறது. ஸ்கைட்டேல், இருலான், மதகுரு மொஹயம், விண்வெளி கில்டின் எட்ரிக். இந்த நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் வைத்துக்கொண்டால் அப்புறம் தடையில்லாமல் போகும்.