நிரலில் எல்லாத் துண்டும் ஒரே வேகம்!

கேள்வி: டி.என்.ஏ. துண்டுகள் மின்புலத்தில் நகரும் வேகத்தைக் கணக்கிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். 100 கார இணை உள்ள துண்டும் 1,000 இணை உள்ளதும் அதில் ஒரே வேகத்தில் போகின்றன. ஆய்வகத்து ஜெல்லில் குட்டித் துண்டுதான் முந்துகிறது. எங்கே தப்பு செய்தேன்? (முதுகலை மாணவி)

பதில்: தப்பே இல்லை, நிரலில் ஜெல்லை, அதாவது துண்டுகள் நுழைந்து போகிற, துளைகள் நிறைந்த அந்தக் களியை, சேர்க்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். ஒரு கார இணைக்கு இரண்டு பாஸ்பேட், அதாவது இரண்டு எதிர்மின்சுமை. நீளம் இரட்டிப்பானால் இழுவிசையும் இரட்டிப்பாகும், உராய்வும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வகுத்தால் நீளம் அடிபட்டுப்போகும். வெறும் உப்புக் கரைசலில் உண்மை நிலவரமும் இதுதான், 1964-லேயே ஒலிவெரா குழுவினர் அளந்து சொல்லிவிட்டார்கள். பாட நோட்ஸில் "மின்சுமையை வைத்துப் பிரிக்கிறோம்" என்று இன்னமும் எழுதுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். மின்சாரம் இழுக்கிறது, பிரிப்பது ஜெல்.

சரி, ஜெல்லை எப்படிச் சேர்ப்பது? 100 இணைத் துண்டின் நீளம் 34 நானோமீட்டர், டி.என்.ஏ. வளையத் தொடங்க 50 நானோமீட்டராவது வேண்டும் என்பதால் அதை விறைப்பான குச்சியாகவே வைத்துக்கொள்ளலாம். 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் துளைகள் 100 நானோமீட்டரைத் தாண்டும், அதில் இந்தக் குச்சி அவ்வளவாக இடிக்காமல் போய்விடும், அதனால்தான் குட்டித் துண்டுகளுக்கு 3 சதவீத அகரோஸோ, துளை இன்னும் சின்னதான பாலிஅக்ரிலமைடு ஜெல்லோ கேட்கிறார்கள். இந்த அளவுத் துண்டுகளுக்கு, ஜெல்லை ஒரு சல்லடையாக வைத்துக் கணக்கிடும் ஆக்ஸ்டன் மாடல் போதும். வேகத்தின் மடக்கையை ஜெல் சதவீதத்துக்கு எதிராக வரைந்தால் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும், துண்டு நீளமாக ஆக ஆகக் கோடு செங்குத்தாகச் சரியும். மூன்று நான்கு வெவ்வேறு சதவீத ஜெல்களில் ஓட்டி வரைந்து, கோடுகளைப் பின்னால் பூஜ்ஜிய சதவீதம் வரை நீட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளிதான் உங்கள் நிரல் இப்போது தருகிற விடை!

ஒரு எச்சரிக்கை: சுமையை அப்படியே 200 என்று போடாதீர்கள். சோடியம் போன்ற அயனிகள் ஒட்டிக்கொண்டு சுமார் முக்கால் பங்கை மறைத்துவிடும். பல ஆயிரம் இணைத் துண்டுகளுக்குச் சல்லடை மாடல் உதவாது, அவை பாம்பு மாதிரி நெளிந்துதான் போகும், அது வேறு கணக்கு.

கேள்வி: ஜெல்லில் கூடவே ஓடவிடும் புரோமோபீனால் நீலம் என்ற சாயம் ஓடிய தூரத்தை வைத்தே மாடலைச் சரிபார்க்கலாமா? (அதே மாணவி)

பதில்: வேண்டாம். 1 சதவீத அகரோஸில் அது சுமார் 300 இணைத் துண்டோடு சேர்ந்து ஓடும், சதவீதத்தை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். அது டி.என்.ஏ.வே இல்லையே, வெறும் சாயம். லேடரை, அதாவது நீளம் தெரிந்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவையை, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று போடுங்கள். ஏனென்றால், வோல்டேஜை ஏற்றினால் ஜெல்லின் நடுப்பகுதி சூடாகி அங்கே பட்டைகள் முந்திப்போய் வரிசையே வளைந்துவிடும்.