பெப்ரைட் ஆராய்ச்சிதான் வேண்டும் என்று மகள் நிற்கிறாளா?

அம்மா, உங்கள் மகளுக்கு மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. பிள்ளையோ பெப்ரைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) மருந்து ஆராய்ச்சிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதில் வேலை உண்டு. ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டில்தான், அதுவும் முதுமாணி, பிஎச்.டி. முடித்த பிறகு. அத்திவாரத்தை யாழ்ப்பாணத்திலேயே போடலாம்.

உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைகள் இந்தத் துறையில் சறுக்குவது உயிரியலில் அல்ல, இரசாயனவியலில். அதனால் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் கிடைத்தால் இரசாயனவியலைக் கைவிட வேண்டாம். பி.பார்ம். (மருந்தாளர் பட்டம்) கிடைத்தாலும் நல்லதே, கையில் தொழில் இருக்கும், ஆய்வுக்கும் பிறகு திரும்பலாம்.

'முன்மருத்துவ ஆய்வு' என்றால் மனிதரில் சோதிப்பதற்கு முந்திய கட்டம்: முதலில் கலங்களில், பிறகு விலங்குகளில். எலியில் புண் ஆறியது என்ற முடிவு மனிதருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று ஆகாது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டி இணையத்தில் விற்கும் பெப்ரைட் குப்பிகளை வீட்டுக்குள் எடுக்கவே விடாதீர்கள். மருந்தின் அளவும் எலியிலிருந்து மனிதருக்கு நேரே மாறாது. உடற்பரப்பை வைத்துக் கணக்கிடும்போது எலியின் (rat; சுண்டெலி அல்ல) கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவை ஏறத்தாழ 6.2ஆல் வகுக்க வேண்டும்; அதுவும் தொடக்க மதிப்பீடு மட்டுமே.

ஆய்வுகூடத்தில் பெப்ரைட்டைப் பெரும்பாலும் ரெசின் (பிசின்) மணிகளில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்தே செய்கிறார்கள். 1963இல் மெரிபீல்ட் வெளியிட்ட முறை. 15 அமினோ அமிலச் சங்கிலிக்கு 14 இணைப்புகள். ஒவ்வொன்றும் 99% வெற்றியென்றால் முடிவில் 87% சரியான சங்கிலி. 95% என்றால் பாதிகூட இல்லை. சுத்திகரிப்பு ஏன் இவ்வளவு பெரிய வேலை என்பது இதிலேயே விளங்கும்.

அடுத்த பொறி குப்பியின் லேபல். 'எச்.பி.எல்.சி. (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் முறை) தூய்மை 98%' என்பது பெப்ரைட்டுக்குள் எவ்வளவு சரியானது என்பதை மட்டும் சொல்லும். தூளில் கலந்திருக்கும் நீரையும் டி.எஃப்.ஏ. (சுத்திகரிப்பில் பயன்படும் ஓர் அமிலம்) உப்பையும் அது கணக்கில் எடுக்காது. அதைச் சொல்வது 'நிகர பெப்ரைட் அளவு'. 5 மில்லிகிராம் தூளில் அது 80% என்றால் உண்மையில் இருப்பது 4 மில்லிகிராம். மூலக்கூற்று நிறை 1420 என்று வையுங்கள்: 1 மில்லிமோலர் செறிவுள்ள கரைசலுக்கு 2.8 மில்லிலீற்றர் கரைப்பான் விட வேண்டும். லேபலிலுள்ள 5 மில்லிகிராமை நம்பி 3.5 விட்டால் 0.8 மில்லிமோலர்தான், பிறகு வரும் பரிசோதனை எல்லாம் பிழை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறைவெப்பநிலைக்கு வராமல் திறந்தால் தூள் ஈரத்தை இழுக்கும், நிறுத்த நிறையும் பொய்யாகும்.

பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மூல் கணக்கையும் புள்ளிவிபரவியலையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். சிறப்புப் பட்டத்துக்கு ஆரம்ப வருடப் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள், ஆகவே முதல் வருடத்தை விளையாட்டாய் எடுக்க வேண்டாம். இறுதியாண்டு ஆய்வுக்கு, எச்.பி.எல்.சி. கருவியைத் தன் கையால் இயக்க விடும் மேற்பார்வையாளரைக் கேட்டுப் பிடிக்கட்டும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் துணிந்து எழுத அது உதவும்.